ஜேர்மனியில் புதுக் கார் எடுத்து, ஊர் சுற்றி, கொழும்புக்கு அனுப்பலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 55. தனியார் நிறுவனமொன்றில் கணக்காளர். ஊழியர் சேமலாப நிதிக் காசு கைக்கு வந்திருக்கிறது. தம்பி ஜேர்மனியில் ஹம் நகரத்துக்குப் பக்கத்தில் குடும்பத்தோடு இருக்கிறார். அக்காவும் அத்தானும் சூரிச்சில். மனைவியின் ஒன்றுவிட்ட சகோதரி பாரிஸில். திட்டம் இதுதான்: தம்பி தன் பெயரில் ஒரு புது ஃபோக்ஸ்வேகன் கொல்ஃப் காருக்கு ஓடர் கொடுப்பார். வாசகரும் மனைவியும் வைகாசியில் போய், வொல்ஃப்ஸ்பேர்க் தொழிற்சாலையிலேயே காரை எடுத்து, நேரே ஹம் காமாட்சி அம்பாள் கோயிலில் பூசை வைத்து, பிறகு பாரிஸ், சூரிச் என்று மூன்று கிழமை சுற்றுவார்கள். முடிந்ததும் கார் கப்பலில் கொழும்புக்கு வரும். காசில் பாதியை வங்கி வழியாக இல்லாமல் உண்டியல்காரர் மூலம் தம்பிக்கு அனுப்ப யோசனை.

"பாவித்த சொந்தச் சாமான் என்று காட்டினால் சுங்கத்தில் பெரிதாக வரி வராது என்கிறார்கள். ஜேர்மனியில் கட்டும் 19 வீத வரியும் திரும்பி வருமாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இங்கே வாங்குவதைவிடப் பாதி விலையில் முடியாதா? இலங்கை லைசென்ஸோடு அங்கே ஓடலாமா? நான் களைத்தால் சூரிச்சிலிருந்து அத்தான் ஓடுவார். தம்பி போன கிழமை ஓடர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். பிடிக்காவிட்டால் 14 நாளுக்குள் விடலாம் என்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்கிறார்.

அன்பின் வாசகரே, உங்கள் திட்டத்தில் இரண்டு ஆசைகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று பயணம். அது தாராளமாக நடக்கும். மற்றது மலிவாக ஒரு கார். அது நீங்கள் நினைக்கிற வழியில் நடக்காது. இரண்டையும் ஒரே பில்லில் போட்டால், காரின் சிக்கல் பயணத்தையும் இழுத்துக்கொண்டு விழும். ஆகவே ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ப்போம்.

தொழிற்சாலை வாசலில் கார் எடுத்து ஊர் சுற்றும் காணொளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலும் அமெரிக்கர்கள்தான் வருவார்கள். அவர்களுக்கென்று ஐரோப்பியக் கம்பனிகள் பல ஆண்டுகளாகத் தனித் திட்டமே வைத்திருந்தன. ஓடர் அமெரிக்க முகவரிடம் போகும். கார் அமெரிக்க விதிகளுக்கு ஏற்றபடி தயாராகும். ஐரோப்பாவில் ஓட்டி முடித்ததும் கம்பனியே கப்பலேற்றி, அமெரிக்கச் சுங்கம் முடித்து, ஊர் முகவரிடம் சேர்க்கும். பிஎம்டபிள்யூ அந்தத் திட்டத்தை 2020இல் நிறுத்திவிட்டது. அந்த ஏற்பாட்டில் வாங்குபவர் சாவியை வாங்கினால் போதும், கடதாசி வேலை முழுக்கக் கம்பனியின் தலையில். உங்கள் விஷயத்தில் அந்தக் கடதாசி வேலை முழுக்க உங்கள் தலையில். அதோடு அமெரிக்காவிலும் ஜேர்மனியிலும் ஸ்டியரிங் ஒரே பக்கம். நமக்கு மறுபக்கம். நீங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் தொடாத விஷயம் இதுதான், ஆனால் மற்ற எல்லாவற்றையும் விழுங்குகிற விஷயமும் இதுதான்.

ஸ்டியரிங் எந்தப் பக்கம்?

உங்கள் தம்பி ஜேர்மன் விற்பனையாளரிடம் சாதாரணமாக ஓடர் கொடுத்தால் வருவது இடப்பக்க ஸ்டியரிங் கார். அதை இலங்கைக்குள் பொது வழியில் இறக்குமதி செய்ய அனுமதியில்லை. "கராஜில் கொடுத்து மாற்றிவிடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்றைய காரில் ஸ்டியரிங் என்பது ஒரு சில்லும் தண்டும் மட்டுமல்ல. எயர்பேக், சென்சர், மின் இணைப்பு என்று முன்பக்கம் முழுவதும் அதைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

வலப்பக்க ஸ்டியரிங் கார்களும் அதே ஜேர்மன் தொழிற்சாலைகளில் தயாராகின்றன. பிரித்தானியாவுக்கும் ஜப்பானுக்கும் போகின்றவை அவைதானே. ஆனால் ஓடர் அந்தந்த நாட்டு முகவர் வழியாகப் போகும். ஒரு ஜேர்மன் விற்பனையாளர் தனிப்பட்ட முறையில் ஏற்பாடு செய்து தரக்கூடும், அது அவருடைய விருப்பம். அப்படிக் கிடைத்தாலும் அந்தக் காரை ஐரோப்பாவில் ஓட்டுவது சுகமான வேலையில்லை. லொறியை முந்த வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கும் மனைவிதான் எட்டிப் பார்த்து "போகலாம்" என்று சொல்ல வேண்டும். பிரான்ஸின் சுங்கச்சாவடியில் காசு கட்டும் பெட்டியும் அவர் பக்கம்தான். விளக்கின் ஒளி இடப்பக்கம் சரிந்து எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும், அதை மாற்றியாக வேண்டும். மூன்று கிழமை கழித்து நீங்கள் இருவரும் பேசிக்கொள்வீர்களா என்பது வேறு விஷயம்.

பில்லில் யாருடைய பெயர்?

சரி, வலப்பக்க ஸ்டியரிங் கார் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது 19 வீத வரி. "திரும்பி வரும்" என்பது பாதி உண்மை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே ஏற்றுமதியாகும் காருக்கு அந்த வரி இல்லாமல் விற்க முடியும். ஆனால் வாங்குபவரே காரை எடுத்துக்கொண்டு போவதென்றால், அவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருக்க வேண்டும், கார் வெளியேறியதற்குச் சுங்கத்தின் அத்தாட்சியும் வேண்டும். உங்கள் தம்பி ஜேர்மனியில் வசிப்பவர். பில் அவருடைய பெயரில் என்றால், அந்தக் கார் பிறகு உங்களிடம் வந்து கொழும்புக்கே போனாலும், அவர் கட்டிய 19 வீதம் கட்டியதுதான். இரண்டு சகோதரர்களுக்கு இடையில் கைமாறியதை ஜேர்மன் வரித் திணைக்களம் ஏற்றுமதி விற்பனையாகப் பார்க்காது.

பில்லை உங்கள் பெயருக்கு மாற்றினால்? வரிச் சலுகை வழங்குவது விற்பனையாளரின் கடமை இல்லை. கார் உண்மையில் வெளியேறாவிட்டால் அந்த வரி அவர் தலையில் விழும் என்பதால், பலர் முழு விலையையும் முதலில் வாங்கிக்கொண்டு, ஏற்றுமதி அத்தாட்சி வந்த பிறகு 19 வீதத்தைத் திருப்பித் தருவார்கள். கேட்க வேண்டிய கேள்வி "வரி திரும்புமா" என்பதல்ல. "எந்தக் கடதாசி வந்தால், எத்தனை நாளில், எந்தக் கணக்குக்குத் திருப்பித் தருவீர்கள்" என்பதுதான். பதில் எழுத்தில் வேண்டும்.

உங்கள் பெயரில் வாங்கினால் நம்பர் பிளேட்டும் மாறும். அங்கே வதிவிடம் இல்லாதவருக்குப் பொருத்தமானது ஏற்றுமதிப் பிளேட். அதன் வலது ஓரத்தில் ஒரு சிவப்புப் பட்டி இருக்கும், அதில் நாள், மாதம், ஆண்டு அச்சாகியிருக்கும். அந்தத் தேதிக்கு மறுநாள் காரை வீதியில் இறக்க முடியாது. மஞ்சள் பட்டி போட்ட இன்னொரு பிளேட் உண்டு, அது ஐந்தே நாளுக்கு. யாராவது மலிவாக ஏதோ பிளேட் எடுத்துத் தருகிறேன் என்றால் பட்டியின் நிறத்தைப் பாருங்கள்.

ஏற்றுமதிப் பிளேட்டோடு வரும் காப்புறுதி பெரும்பாலும் மூன்றாம் தரப்புக்கு மட்டுமே. எதிரே வந்தவரின் காருக்குக் காசு கிடைக்கும், உங்கள் புத்தம்புதுக் காருக்கு ஒரு சதமும் கிடைக்காது. முழுக் காப்புறுதி எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டா, அது பிரான்ஸிலும் சுவிஸிலும் செல்லுமா என்று காரை எடுக்கும் முன்பே கேளுங்கள். கிடைக்காது என்றால், சேமலாப நிதிக் காசை ஜேர்மன் அதிவேக நெடுஞ்சாலையான ஆட்டோபானில் திறந்த பெட்டியில் வைத்துக்கொண்டு போகிறீர்கள் என்று அர்த்தம்.

துறைமுகத்தில் என்ன நடக்கும்?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி முதலாம் திகதி திறக்கப்பட்டது. அப்போது வந்த வர்த்தமானி விதிகள்தான் உங்கள் கனவுக்கு அளவுகோல். கார் ஒன்று பயணப் பொதி ஆகாது. நீங்கள் அதில் மூன்று கிழமை படுத்துறங்கியிருந்தாலும் அது "பாவித்த சொந்தச் சாமான்" ஆகாது. உங்களுக்கு இதைச் சொன்னவர் வெளிநாட்டிலிருந்து வந்த தொலைக்காட்சிப் பெட்டியையும் குளிர்சாதனப் பெட்டியையும் நினைத்துக்கொண்டு சொல்லியிருப்பார்.

வரி எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். காரின் விலை, கப்பல் கூலி, காப்புறுதி மூன்றும் சேர்ந்த பெறுமதிக்கு 20 வீத இறக்குமதித் தீர்வை. இறக்குமதி திறந்தபோது அந்தத் தீர்வையின் மேல் இன்னும் 50 வீத மேலதிகக் கட்டணம் போட்டார்கள். ஆக 30 வீதம். அப்புறம் உற்பத்தி வரி. இது காரின் விலையைப் பார்ப்பதில்லை, இயந்திரத்தின் கொள்ளளவைப் பார்க்கும். மின்சாரக் கார் என்றால் மோட்டாரின் கிலோவாட்டைப் பார்க்கும். ஒரு சி.சி.க்கு இவ்வளவு என்று பெருக்குவார்கள், கொள்ளளவு கூடக் கூட அந்த விகிதமும் ஏறும். கார் ஒரு குறிப்பிட்ட பெறுமதியைத் தாண்டினால் சொகுசு வரி. கடைசியில் விலையோடு தீர்வையையும் உற்பத்தி வரியையும் கூட்டி அதற்கு மேல் 18 வீதப் பெறுமதி சேர் வரி. நீங்கள் கணக்காளர், இந்த அடுக்கை நான் விளக்கத் தேவையில்லை. ஜேர்மனியில் மிச்சம் பிடிக்கும் 19 வீதம் இந்த அடுக்கில் எங்கே காணாமல் போகிறது என்பது ஒரு தாளில் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். விகிதங்கள் வர்த்தமானிக்கு வர்த்தமானி மாறக்கூடியவை என்பதால், காசு கட்டும் முன் அன்றைய விகிதத்தை ஒரு சுங்கத் தரகரிடம், மாடல், சி.சி., உற்பத்தித் திகதி மூன்றையும் கொடுத்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அங்கே உங்கள் பெயரில் பதிவாகி ஓடிய கார், இங்கே வரும்போது புதுக் கார் இல்லை, பாவித்த கார். மூன்று ஆண்டுக்குள் என்ற வயதெல்லையில் உங்களுக்குப் பிரச்சினை வராது. ஆனால் ஏற்றுவதற்கு முன் பரிசோதித்த சான்றிதழ் போன்ற கடதாசிகள் பாவித்த காருக்குத்தான் கேட்கப்படும். உத்தரவாதமும் பார்க்க வேண்டிய விஷயம். ஐரோப்பியச் சந்தைக்கான உத்தரவாதத்தை இங்குள்ள முகவர் மதிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. முதல் சேர்விஸுக்குப் போகும்போது "இது நாங்கள் விற்றதில்லை" என்பார்கள்.

கப்பல் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கார் ஏறி இறங்கும் கப்பல்கள் அம்பாந்தோட்டைக்கு வருகின்றன, கொள்கலனில் போட்டால் கொழும்புக்கு வரும். 2023 கடைசியில் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கியபின் பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு வரத் தொடங்கின, அப்படி வந்தால் கூடுதல் நாள் ஆகும். காருக்குள் சாமான் அடுக்கி அனுப்பலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். சொக்லேட் பெட்டி ஒன்றுக்காகக் கார் முழுவதும் சோதனையில் நிற்கும், துறைமுகக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும்.

உண்டியல் மட்டும் வேண்டாம்

கடிதத்தில் நீங்கள் மிகச் சாதாரணமாக எழுதிய வசனம் இது, என்னை அதிகம் பயமுறுத்தியதும் இதுதான். நம் ஆட்களுக்கு உண்டியல் என்றால் பக்கத்துக் கடை மாதிரி. ஆனால் 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின்படி நாட்டுக்கு வெளியே காசு போக வேண்டிய வழி அனுமதி பெற்ற வங்கிகளும் முகவர்களும்தான். உண்டியல்காரர் அங்கே தம்பியின் கையில் கொடுக்கும் யூரோ யாருடைய காசு என்று உங்களுக்கும் தெரியாது, தம்பிக்கும் தெரியாது. நாளைக்கு ஜேர்மன் வங்கி "இவ்வளவு காசு எங்கிருந்து" என்று கேட்டால் தம்பி என்ன கடதாசியைக் காட்டுவார்? நீங்கள் நேர்மையாக உழைத்துச் சேர்த்த காசு, கறுப்புக் காசோடு ஒரே சாக்கில் போய்ச் சேரும்.

காரின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இது முட்டுச்சந்து. இலங்கைக்குக் கார் வரும் வழமையான பாதை, இங்குள்ள வங்கியில் நாணயக் கடிதம் (எல்.சி.) திறந்து, காசு வங்கி வழியாகப் போய், பில் இறக்குமதியாளரின் பெயரில் இருப்பது. உங்கள் திட்டத்தில் பில் தம்பியின் பெயரில், காசு உண்டியலில், கார் உங்கள் பெயரில். இந்த மூன்றையும் ஒரு சுங்க அதிகாரியின் மேசையில் வைத்தால் அவர் முதலில் எதைக் கேட்பார் என்று உங்களுக்கே புரியும்.

கையில் காசாகக் கொண்டுபோகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 10,000 யூரோவோ அதற்கு மேலோ கையில் வைத்துக்கொண்டு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைந்தால் அறிவிக்க வேண்டும். இங்கிருந்து வெளியேறும்போதும் இலங்கைச் சுங்கத்துக்கு உரிய அறிவிப்பு உண்டு. பயணச் செலவுக்கு வங்கி அட்டை போதும்.

சுவிஸ் எல்லையும் அத்தானும்

பலருக்கும் தெரியாத ஒரு பொறி இங்கே இருக்கிறது. சுவிஸ் ஷெங்கன் வலயத்துக்குள் இருக்கிறது, ஆகவே உங்களுக்குத் தனி விசா தேவையில்லை. ஆனால் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே. ஆளுக்கு எல்லை இல்லை, பொருளுக்கு உண்டு. வரி கட்டாமல் ஏற்றுமதிக்கென்று எடுத்த காரோடு பாஸலில் எல்லையைத் தாண்டினால், கார் ஒன்றியத்தை விட்டு வெளியேறிவிட்டது என்று ஆகும். திரும்பி ஜேர்மனிக்குள் வரும்போது அது வெளிநாட்டுக் கார். ஏற்றுமதிப் பத்திரத்தில் எந்தத் துறைமுகம் வழியாக வெளியேறும் என்று எழுதியிருக்கிறதோ, அதற்கும் நீங்கள் போன வழிக்கும் பொருந்தாமல் போகும். அப்படியான காரோடு போவதென்றால் சூரிச்சை விட்டுவிடுங்கள், அல்லது ரயிலில் போய் வாருங்கள்.

அத்தான் விஷயம் இன்னும் நேரடி. சுவிஸில் வசிப்பவர், சுங்கம் முடிக்காத வெளிநாட்டு பிளேட் காரை அந்த நாட்டில் ஓட்டுவது பொதுவாகத் தடை. விதிவிலக்குகள் குறுகியவை, முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டியவை. இது வீதிப் பொலிஸின் விஷயமில்லை, சுங்கக் குற்றம். காரின் பெறுமதிக்கு ஏற்ற வரியும் தண்டமும் அத்தானின் பெயரில் வரும். தம்பியின் ஜேர்மன் பிளேட் காருக்கும் இதே கதைதான். அத்தான் எத்தனை ஆண்டு அங்கே ஓட்டிப் பழகியவர் என்றாலும், சூரிச்சில் சாவி உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். களைத்தால் நிறுத்தித் தேநீர் குடியுங்கள்.

லைசென்ஸ், விசா, வீதி

இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு சுற்றுலாப் பயணியாக ஓட்டலாம். ஆனால் அதை மட்டும் கொண்டுபோகாதீர்கள். கொழும்பில் உள்ள ஓட்டோமொபைல் சங்கத்தில் சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுங்கள். அது அசல் அட்டைக்குத் துணை மட்டும், அசல் வீட்டில் இருந்தால் அதற்கு மதிப்பில்லை. அங்கீகரிக்கப்பட்ட ஜேர்மன் மொழிபெயர்ப்பு ஒன்றும் கையில் இருந்தால், வீதியோரத்தில் பொலிஸாரோடு வாக்குவாதப்பட வேண்டி வராது.

விசாவுக்கு, அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு அது ஜேர்மனி. பயணத்துக்கு 15 நாளுக்கு முன்பாவது, ஆறு மாதத்துக்கு முந்தாமலும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். செலவைத் தம்பி ஏற்பதென்றால் சாதாரண அழைப்புக் கடிதம் போதாது, அவர் தன் ஊர் வெளிநாட்டினர் அலுவலகத்தில் பொறுப்பேற்புப் பத்திரம் எடுத்து அனுப்ப வேண்டும். 180 நாளில் 90 நாள் மட்டும் தங்கலாம் என்ற கணக்கு முன்பு கடவுச்சீட்டு முத்திரையில் இருந்தது, 2025 ஒக்டோபரிலிருந்து கைரேகையோடு கணினிக்குப் போகத் தொடங்கிவிட்டது.

வீதியில் நீங்கள் பயப்படுவது ஆட்டோபானுக்கு. அங்கே எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள், குழப்பம் குறைவு. பழக்கம் ஏமாற்றுவது வேறிடத்தில்: காலையில் வெறுமையான வீதி, பெற்றோல் நிலையத்திலிருந்து வெளியே வருகிறீர்கள், பின்தொடர முன்னால் ஒரு காரும் இல்லை. கை தானாக, கொழும்பில் காலி வீதியில் ஓட்டுவது மாதிரி, இடப்பக்கத்துக்குத் திருப்பும். அந்த நேரத்தில் மனைவியை ஒரு சொல் சொல்லச் சொல்லுங்கள். அடுத்தது, பலகை எதுவும் இல்லாத சின்னச் சந்தியில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும், உங்கள் வீதி எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும். ஆட்டோபானில் நெரிசல் தொடங்கும்போதே இடது ஓர வரிசை இடப்பக்கமும் மற்றவை வலப்பக்கமும் ஒதுங்கி, நடுவில் அம்புலன்ஸுக்கு வழி திறக்க வேண்டும். சத்தம் கேட்ட பிறகு ஒதுங்குவது அங்கே குற்றம். வேகத்துக்கு எல்லையில்லாத இடங்களிலும் 130 கி.மீ. பரிந்துரைக்கப்பட்ட வேகம். அதைத் தாண்டிப் போய் விபத்து வந்தால் தவறு உங்களுடையதாக இல்லாவிட்டாலும் பொறுப்பில் ஒரு பங்கு உங்கள் மேல் விழக்கூடும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

என் விருப்பத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கார் தம்பியுடையதாகவே இருக்கட்டும். அவர் தன் காசில், தன் பெயரில், தன் ஊர்ப் பிளேட்டோடு வாங்கட்டும். வொல்ஃப்ஸ்பேர்க்கில் 48 மீற்றர் உயரக் கண்ணாடிக் கோபுரங்கள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 400 கார்கள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த நகரத்தில் கார் கையளிக்கும் நேரத்தில் நீங்களும் நிற்கலாம், படம் எடுக்கலாம். ஏ2 நெடுஞ்சாலையில் மேற்கே வந்தால் ஹம். கோயில் வாசலில் நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைக்கலாம். நீங்கள் ஓட்டுவதற்கு ஒரே நிபந்தனை: தம்பி காப்புறுதிக் கம்பனிக்கு உங்கள் பெயரைச் சாரதியாக முன்கூட்டி எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் ஓட்டி மோதினால் எதிர்த்தரப்புக்குக் கம்பனி கொடுக்கும், பிறகு தம்பியிடம் தண்டமாகக் கேட்கும். சுவிஸ் நெடுஞ்சாலைக்கு 40 பிராங்க் ஆண்டுக் கட்டண ஸ்டிக்கர் வேண்டும். பெல்ஜியம் வழியாகப் பாரிஸுக்குப் போனால் பிரான்ஸ் எல்லை வரை நெடுஞ்சாலைக் கட்டணம் இல்லை. எரிபொருளும் தங்குமிடமும் உங்கள் அட்டையில். கணக்கு நேர்.

தம்பியின் காரில் பங்கு போடும் எண்ணம் இருந்தால் விடுங்கள். புதுக்கடை நீதிமன்றப் பக்கம் அண்ணன் தம்பிகளைக் கொண்டுவருவதில் காணிக்கு அடுத்தபடி வாகனம்தான்.

"எனக்கென்று ஒரு புதுக் கார், நானே முதலில் ஓட்ட வேண்டும்" என்ற ஆசை விடாவிட்டால் பிரான்ஸில் ஒரு வழி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்களுக்கு ரெனோ போன்ற பிரெஞ்சுக் கம்பனிகள் புத்தம்புதுக் காரை, திருப்பி வாங்கிக்கொள்ளும் உடன்பாட்டோடு, சில கிழமை முதல் சில மாதம் வரை தருகின்றன. வரி இல்லை, முழுக் காப்புறுதி உள்ளடங்கும், பிளேட் சிவப்பு நிறம். மீற்றரில் ஏறக்குறையப் பூச்சியத்தோடு எடுத்து, முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு வரலாம். குறைந்தபட்சம் எடுக்க வேண்டிய நாள் எண்ணிக்கை வாடகைக் காரைவிடக் கூடுதலாக இருக்கும், அதைப் பார்த்துப் பயணத்தை நீட்டிக்கொள்ளுங்கள்.

கொழும்பில் ஓட்டக் கார் வேண்டுமென்றால் கொழும்பில் வாங்குங்கள். முகவரிடம், உத்தரவாதத்தோடு, நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு முடித்து. அது தனிக் கணக்கு, தனி ஆண்டு.

தம்பி போட்ட கையெழுத்து

இதை உடனே கவனியுங்கள். 14 நாள் உரிமை இணையத்தில் அல்லது தொலைவிலிருந்து செய்த ஒப்பந்தத்துக்கு உண்டு. காட்சியறையில் நேரே போய் இருந்து கையெழுத்துப் போட்டால் இல்லை. காரை விற்பனையாளர் வழியாக ஏற்பாடான கடனில் வாங்கியிருந்தால், கடனை 14 நாளுக்குள் விலக்கும் உரிமையோடு கார் ஒப்பந்தமும் விழும். காசுக்கு வாங்கினால் அந்தக் கதவும் இல்லை. பல விற்பனையாளர்கள் பயன்படுத்தும் பொது நிபந்தனைப் படிவத்தின்படி, ஓடர் கொடுத்தவர் மூன்று கிழமை வரை கட்டுப்பட்டிருப்பார். அதற்குள் விற்பனையாளர் எழுத்தில் உறுதிப்படுத்தினால் ஒப்பந்தம் முழுமையாகிறது. அதன்பின் பின்வாங்கினால் விலையில் 15 வீதம் நட்டஈடாகக் கேட்கலாம்.

ஆகவே இன்றிரவே தம்பிக்கு அழைத்து மூன்று விஷயம் கேளுங்கள். உறுதிப்படுத்தல் கடிதம் வந்துவிட்டதா? படிவத்தில் இடப்பக்க ஸ்டியரிங்தானே? முழுக் காசையும் அவரால் கட்ட முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் ஓடரை அப்படியே விடுங்கள், கார் அவருக்குச் சரியான கார்தான். காசு போதாது என்றால், உறுதிப்படுத்தல் வருமுன்னே சிறிய மாடலுக்கு மாற்றவோ விடுவிக்கவோ முடியுமா என்று நாளைக் காலையிலேயே விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். விமானச் சீட்டை மட்டும் இப்போதே பதிவு செய்யாதீர்கள். அதே படிவத்தில் "கட்டுப்படுத்தாத விநியோகத் தேதி" என்று இருந்தால், அந்தத் தேதி தாண்டி ஆறு கிழமைக்குப் பிறகுதான் தம்பியால் விற்பனையாளரை நெருக்கவே முடியும். வொல்ஃப்ஸ்பேர்க்கிலிருந்து காரை எடுக்க நாளும் மணியும் குறித்த கடிதம் தம்பி கைக்கு வந்த பிறகு சீட்டை எடுங்கள்.